மருமகளின் பிட்காயின் நோடும் எங்கள் சந்தும்

அத்திவரதர் போன தடவைக்கு முந்தின தடவை குளத்தை விட்டு வெளியே வந்த வருஷம். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டை ஒட்டிய சந்து பொது என்று அப்போதுதான் முடிவானது. பத்திரம் கிடையாது. ஐந்து பேர் சாட்சி.

இன்று காலை, பக்கத்து வீட்டைப் புதிதாக வாங்கியவர் சந்தை அடைக்கச் செங்கல் இறக்கிவிட்டார்.

"சாட்சி எங்க பெரியவரே? நீங்க சொன்னா ஆச்சா?"

கடுப்போடு உள்ளே வந்தேன். மருமகள் சுமதி வீட்டுக் கம்ப்யூட்டரில் பிட்காயின் நோடு என்று ஒரு கணக்குப் புரோகிராம் போட்டிருக்கிறாள். நாள்கணக்காக ஓடுகிறது.

"இன்னுமாம்மா முடியல?"

"மொத நாள்லேர்ந்து பிட்காயின்ல நடந்த கொடுக்கல் வாங்கல் அத்தனையும் இறக்கி, அதுவே சரிபாத்துக்கினு இருக்குது மாமா. யார் சொன்னாலும் சும்மா நம்பாது. இதே மாதிரி ஊரு உலகத்துல எத்தினியோ வீட்ல ஓடுது."

"எல்லாரும் நிறுத்திட்டா?"

"ஒருத்தர்கிட்ட முழுக் கணக்கு மிச்சம் இருந்தா போதும். அங்கேர்ந்து மறுபடி எல்லாரும் எடுத்துக்கலாம்."

அசந்துபோனேன். படிக்கத் தெரியாத எனக்கே அந்தப் பெட்டிமேல் மரியாதை வந்துவிட்டது. ஒரே ஒரு சாட்சியை யார் மதிப்பார்கள் என்று சும்மா இருந்துவிட்டேனே!

நான் சொல்ல, சுமதிதான் இதை வாட்ஸ்அப்பில் போடுகிறாள். ஷேர் ஆட்டோவில் ஐயம்பேட்டைக்குக் கிளம்பிவிட்டோம். ஐயம்பேட்டைக்காரர்கள் யாராவது பார்த்தால் அந்த ஒரு சாட்சியை எங்கும் போகாமல் உட்கார வையுங்கள். ஐந்து பேரில் நாலு பேர் காலமாகிவிட்டார்கள். மிச்சம் இருப்பவர் சரிகைக் கடை காதர் பாய்.