மகளுக்காக வேகமெடுத்த கைகள்

சகாயராணி பிறந்தது குஜிலியம்பாறைப் பக்கம், வானம் பார்த்த பூமி. கல்யாணமாகித் திண்டுக்கல்லுக்கு வந்த பிறகு அவள் பார்த்த ஒரே வேலை, ஊருக்கு வெளியே ஒரு நூல் மில்லில் கோன் பேக்கிங். நூல் சுற்றிய கோனுக்குப் பிளாஸ்டிக் பை மாட்டி, அட்டைப்பெட்டியில் அடுக்கி, டேப் ஒட்ட வேண்டும். மேஜைக்கு நாலு பெண்கள், ஆளுக்கொரு பெட்டி.

மகள் லிடியா இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் படித்தாள். மெஷினைப் பற்றிய படிப்பா என்று கேட்டால் சகாயராணிக்குச் சொல்ல வராது. ஆட்கள் வேலை செய்கிற விதத்தைப் படிக்கிறதாம். அதற்கு ஒரு காலேஜா என்று உள்ளுக்குள் தோன்றினாலும், வெளியில் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டாள்.

கடைசி வருஷ ப்ராஜெக்டுக்கு அந்தப் பிள்ளை ஸ்டாப்வாட்ச்சோடு அம்மாவின் மேஜைக்கே வந்ததில்தான் வினை தொடங்கியது. ஒரு பெட்டி கட்ட எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்க வேண்டும். பிள்ளைக்கு இது பரீட்சை மாதிரி, மானத்தைக் காப்பாற்றுங்கள் என்று சகாயராணி மேஜையில் மற்ற மூன்று பேரிடமும் முதல் நாளே சொல்லிவைத்தாள். அவர்களும் காப்பாற்றினார்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. வயதில் மூத்த பெருமாயி இடுப்பைப் பிடித்துக்கொண்டே அடுக்கித் தள்ளினாள்.

சனிக்கிழமை மேனேஜர் கணக்கைப் பார்த்தார். இந்த வேகத்துக்கு மூணு பேர் போதுமே, திங்கட்கிழமை ரிப்போர்ட்டைக் கொடு என்றாராம். லிடியா வீட்டுக்கு வந்து சந்தோஷமாகச் சொன்னாள். சகாயராணிக்கு உடனே கணக்குப் புரிந்தது. ஒருத்தி போவதென்றால் பெருமாயிதான் போவாள். ஞாயிறு பூசையில் முழங்காலில் நின்றும் ஜெபம் வரவில்லை. சொன்னால் பிள்ளையின் மார்க் போகும். சொல்லாவிட்டால் பெருமாயியின் கஞ்சி போகும்.

கோயிலை விட்டு வரும் வழியில் சொல்லிவிட்டாள்.

"நாங்க தெனமும் அப்படிச் செய்ய மாட்டோம் தாயி. ஒனக்குப் பேரு வரட்டும்னு நாந்தேன் வெரசா செய்யச் சொன்னேன்."

லிடியா ரோட்டிலேயே நின்றுவிட்டாள். ஆள் வழக்கத்தைவிட வேகமாகச் செய்கிறாரா என்று பார்த்து நேரத்தைத் திருத்த வேண்டும் என்று பாடத்திலேயே இருக்கிறது. அவள் எல்லோருக்கும் சாதாரண வேகம் என்று போட்டிருந்தாள்.

"வீட்லயும் நீ இப்படித்தானேம்மா ஓடிக்கிட்டே இருக்க. அதான் நானும் நம்பிட்டேன்."

திங்கட்கிழமை, அளந்தது தப்பு என்று லிடியா மேனேஜரிடம் ஒத்துக்கொண்டாள். அவர் இதுக்குத்தான் படிச்சியா என்று கடிந்துவிட்டு, மறுபடி அளக்க ஒரே ஒரு நாள் கொடுத்தார்.

"இப்ப நல்லாச் செய்யணுமா, மோசமாச் செய்யணுமா? சொல்லிப்புடு, தப்பாயிரப் போகுது" என்றாள் பெருமாயி.

"எப்பவும்போலச் செய்யுங்க பெரியம்மா."

எப்பவும்போல எப்படி? சகாயராணி பையை எடுத்தாள். பையின் வாய் பிரியவில்லை. கோன் வழுக்கியது. ஆபீஸ் ரூம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேனேஜர் நின்றார். லிடியா வாட்ச்சை மேஜைமேல் வைத்துவிட்டுச் செத்த நேரம் அளக்காமல் விட்டாள். பெருமாயி தன் மருமகள் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனத்தைப் பழிக்க ஆரம்பித்தாள். மற்றவர்கள் சிரித்தார்கள், கைகள் தன்போக்குக்கு வந்தன. அதன் பிறகுதான் லிடியா வாட்ச்சை எடுத்தாள்.

நாலு பேர் வேண்டும் என்றே கணக்கு வந்தது. மேனேஜர் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பெருமாயி இன்னும் அதே மேஜையில்தான் இருக்கிறாள். ஆனால் யாராவது பின்னால் வந்து நின்றால் போதும், சகாயராணியின் கை தானாக வேகமெடுக்கிறது. பெருமாயி மேஜைக்கடியில் அவள் காலை மிதிக்கிறாள்.