கத்தக் கத்த விறகு

பிற்பகல் நான்கே கால் மணிக்கு ஏலக்காய் ஸ்டோரின் கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தித் தாழ் போட்டார்கள். நானும் என் மகளும் உள்ளே இருந்தோம். கதவுச் சத்தம் கேட்டதும், பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால் பார்க்கிற பழக்கத்தில், கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அப்போது பயம் வரவில்லை. ஒரு குரல் கொடுத்தால் திறந்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன்.

ஸ்டோர் என்று நாங்கள் சொல்வது பச்சை ஏலக்காயை உலர்த்தும் அறை. கல் சுவர், தகரக் கூரை, சன்னல் கிடையாது. வெளியே அடுப்பில் விறகு எரியும். அந்தச் சூடு பெரிய தகரக் குழாய் வழியாக உள்ளே வந்து அறையைச் சுற்றிப் போகும். குழாய்க்கு மேலே அடுக்கடுக்காகத் தட்டுகளில் காய் பரப்பியிருக்கும். தீ மூட்டிவிட்டால், காய் வேர்த்து முடிகிறவரை கதவைத் திறக்கக் கூடாது. திறந்தால் பச்சை நிறம் போய்க் காய் வெளுத்துவிடும். போடி ஏலத்தில் அதை யாரும் சீந்த மாட்டார்கள். மலையில் வேறு எதை மீறினாலும் இதை மீறிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

போடிமெட்டுக்கு அப்பால் என் கணவருக்குச் சின்னதாக ஓர் ஏலக்காடு உண்டு. நான் போடியில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. மகள் மதுரையில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். ஆயுத பூஜை விடுமுறைக்கு மூவரும் மலைக்கு வந்திருந்தோம். கணவர் அன்று காலை மூட்டைகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்.

கல்லூரி ஆண்டு விழாவுக்கு மகள் ஒரு நாடகம் எழுத ஒப்புக்கொண்டிருந்தாள். புராணக் கதை ஏதாவது போடலாம் என்று தோழிகள் சொல்லியிருக்கிறார்கள். இவளுக்கு அது வேண்டாம். சாவை வைத்துச் சிரிக்க வைக்க வேண்டும். "அழ வேண்டிய இடத்துல சிரிப்பு வரணும்மா. சிரிச்ச பிறகு, ஏன்டா சிரிச்சோம்னு கூசணும்" என்பாள். எனக்கு அந்தப் பேச்சே ஆகாது. பிறந்ததிலிருந்து மூச்சு இழுப்போடு மல்லுக்கட்டும் பெண் அவள். மார்கழிப் பனியில் அவளை நிமிர்த்தி உட்கார வைத்து, நெஞ்சைத் தடவிக்கொண்டே, அடுத்த மூச்சு வருமா என்று நான் காத்திருந்தது கொஞ்சமா? சாவு என்ற சொல்லை வீட்டில் யாரையும் நான் சொல்ல விட்டதில்லை.

விடுமுறை முழுக்க அவளுக்குக் கதை ஒன்றும் அகப்படவில்லை. முந்தைய நாள்தான், ஸ்டோருக்குத் தீ போடுகிறவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, அவருக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் போன மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்த செய்தி தெரிந்தது. உடனே ஒரு கதை கட்டினாள். செத்தவருக்குத் தான் செத்தது தெரியாது. லீவு சொல்லாமல் நின்றால் வேலை போய்விடுமே என்று தினமும் வந்து ஸ்டோருக்குள் உட்கார்ந்துகொள்கிறார். கதவைத் தட்டி ஆள் கூப்பிடுகிறார். சிரிப்பு வருகிறதா என்று சோதிக்க, அதைத் தீ போடுகிறவரிடமே நடித்துக் காட்டினாள்.

அவர் சிரிக்கவில்லை. "அவரு நல்ல மனுசன் பாப்பா" என்று சொல்லிவிட்டு விறகு பிளக்கப் போய்விட்டார்.

மறுநாள் அந்தச் செத்தவர் ஸ்டோருக்குள் எந்த மூலையில் உட்காருவார் என்று பார்க்க வேண்டும் என்றாள். வீட்டுக்குப் போகிறோம் என்று தீ போடுகிறவரிடம் சொல்லிக்கொண்டு கிளம்பிய பிறகு வந்த யோசனை அது. பாதி வழியில் திரும்பி ஓடினாள். தூறல் போட்டிருந்தது, தலையில் போடத் துண்டை எடுத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன். கதவு திறந்து கிடந்தது. கடைசி அடுக்குக்குப் பின்னால் அவள் குந்தியிருந்தாள். வெளியே வா என்று அவள் கையைப் பிடித்தபோதுதான் தாழ் விழுந்தது.

அதே நேரம் மழையும் பிடித்துக்கொண்டது. தகரக் கூரைமேல் மழை விழும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. தட்டினோம், கத்தினோம். குழாய் சூடேறி டிக் டிக்கென்று சொடுக்கத் தொடங்கியது. தட்டுகளிலிருந்து ஆவி கிளம்பியது. ஏலக்காய் வாசனையை இனிமை என்று சொல்கிறவர்கள் அதற்குள் அடைபட்டதில்லை. கண் எரிந்தது. நாக்கில் காரம் ஏறியது. மகள் இரண்டு முறை இருமினாள்.

மழை குறைந்ததும் உயிரைக் கொடுத்துக் கதவை இடித்தேன். "யாரு வெளிய? தாழைத் தொறங்க!"

வெளியே விறகு வெட்டும் சத்தம் நின்றது. பிறகு நடுங்கிக்கொண்டு ஒரு குரல்: "வந்துட்டீகளாண்ணே?"

"அண்ணே இல்ல. நான் டீச்சரம்மா!"

"டீச்சரம்மா அப்பவே வீட்டுக்குப் போயிட்டாக. கொரல மாத்திப் பேசாதீகண்ணே. ஒங்க சோலிய நானாக் கேட்டு வாங்கல. மொதலாளி குடுத்தாரு, செய்யுறேன். எம்மேல கோவிச்சுக்கிறாதீக."

"ஐயோ, கதவத் தொறங்க!"

"தொறந்தா காய் வெளுத்துரும்ணே. ஒங்களுக்குத் தெரியாததா?"

அடுப்பில் விறகுக்கட்டைகள் விழும் ஓசை கேட்டது. நெருப்புக்குப் பேய் கிட்டே வராது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அடுப்பை நிரப்பினார்.

மகள் சுவரில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். "அம்மா, நான் தேடுனது கெடைச்சிருச்சு" என்றாள். ஓங்கி ஓர் அறை விட்டிருப்பேன். அதற்குள் அவள் சிரிப்பு இருமலாக மாறியது, இருமலுக்குள் அந்தச் சீட்டிச் சத்தம் வந்துவிட்டது. அதன் பிறகு நான் வேறெதையும் யோசிக்கவில்லை.

நாடகத்தைப் பின்னால் அவள் எழுதித்தான் இருக்கிறாள். மதுரையில் மேடையேறியது, முதல் வரிசையில் இருந்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்களாம். கணவர் போய்ப் பார்த்தார். நான் போகவில்லை. அடுப்படிக் கதவு காற்றில் சாத்திக்கொண்டால்கூட இன்றும் ஓடிப்போய்த் திறந்து வைக்கிறேன்.

ஸ்டோர் கதவுக்கும் தரைக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி இருந்தது. அவளைக் குப்புறப் படுக்க வைத்து, வாயை அந்த இடைவெளியில் வைத்து இழுக்கச் சொன்னேன். முந்தானையை மடித்துக் கன்னத்துக்கு அடியில் கொடுத்தேன். முதுகை நீவினேன். ரவிக்கை முழுக்க நனைந்து அவள் தோல் சுட்டது. மறுபடி ஒருமுறை கத்திப் பார்த்தேன். "வேணாம்ணே, பிள்ளகுட்டிக்காரன் நான்" என்று அவர் அழுதார். இன்னும் இரண்டு கட்டை விழுந்தன. குழாய் பக்கத்தில் கை கொண்டுபோக முடியவில்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் கத்தினால் அவர் விறகு போடுவார். கத்தாவிட்டால் நாங்கள் உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது. கணவர் வர மறுநாள் ஆகும். இருபத்தைந்து வருடம் பிள்ளைகளுக்கு வாய் ஓயாமல் சொல்லிக்கொடுத்தவள், அந்த மனிதருக்குச் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தேன். வாயைப் பொத்திக்கொண்டேன். உள்ளே அவள் மூச்சு மட்டும்தான் கேட்டது. இழுத்து, நின்று, மறுபடி இழுத்து. நிற்கும்போதெல்லாம் நானும் மூச்சை நிறுத்தினேன். அவள் என் கையைப் பிடித்திருந்த பிடி தளர்ந்துகொண்டே வந்தது. "அம்மா" என்று சொல்லக்கூட அவளால் முடியவில்லை.

சேற்றில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு பெண் குரல். தீ போடுகிறவரின் மனைவி. சாயங்காலம் அவருக்குக் கஞ்சி கொண்டுவருவாள்.

"என்னய்யா அடுப்ப இப்பிடி ஏத்தி வச்சிருக்க? காயக் கருக்கப் போறியா?"

"சத்தம் போடாத. உள்ள அண்ணே வந்திருக்காக."

"எந்த அண்ணே?"

"செத்துப்போன அண்ணேதான். டீச்சரம்மா மாதிரியே பேசுறாக. பாப்பா மாதிரி சிரிக்கிறாக. இந்தா, இப்பப் பாரு, என்னமோ சீட்டி அடிக்கிறாக."

நான் வாயைத் திறக்கப் போனேன், பயந்து மூடிக்கொண்டேன். இடைவெளியில் வெளிச்சம் மறைந்தது. அந்தப் பெண் தரையோடு தரையாகக் குனிந்து காதை வைத்திருந்தாள். என் மகள் இழுத்தாள். நின்றது. மறுபடி இழுத்தாள்.

தாழ் கிரீச்சிட்டது. "காய் வெளுத்துரும்டி!" என்று அவர் அலறினார். கதவு முழுக்கத் திறந்து, மழைக்காற்று எங்கள் மேல் வந்து விழுந்தது. கஞ்சித் தூக்குவாளியைக் கையில் பிடித்தபடி அவள் வாசலில் நின்றாள். எங்களைப் பார்த்த பார்வை மாறுவதற்குள் கணவன் பக்கம் திரும்பிக் கத்தினாள்:

"பேயிக்கு எங்கய்யா இழுக்கும்? உசுரு இருந்தாத்தானய்யா இழுக்கும்! வெரசா வந்து பிள்ளையத் தூக்கு!"