துபாய்க்கு எத்தனை மணி நேரம்?

பம்பாயிலிருந்து துபாய்க்கு ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு மைல். ஜெட் விமானத்தில் மூன்று மணி நேரம். மட்டாஞ்சேரியில் ஒரு டிராவல் ஏஜென்சியின் டிக்கெட் கவுண்டரில் பதினோரு வருஷமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் மகள் வசந்தா விமானம் ஏறிய அன்று மட்டும் மறந்துபோனேன்.

கல்யாணமான மூன்றாம் மாதம், துபாயில் இருக்கும் கணவரிடம் அவள் தனியாகப் போனாள். டிக்கெட் எழுதியது நான்தான். பம்பாயில் புறப்பாடு காலை பத்து, துபாயில் இறக்கம் பதினொன்றரை. ஏர்போர்ட்டிலிருந்தே எங்கள் ஆபீசுக்குப் போன் செய்வதாக மாப்பிள்ளை சொல்லியிருந்தார்.

பதினொன்றரைக்கே நாற்காலியைப் போன் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். பன்னிரண்டு ஆயிற்று. பன்னிரண்டரையும் ஆயிற்று. வியர்த்த கையோடு முகத்தைத் துடைத்ததில் டிக்கெட் கார்பன் மை கன்னமெல்லாம் அப்பிக்கொண்டது. விமானக் கம்பெனியின் எறணாகுளம் ஆபீசைக் கூப்பிட்டேன்.

"பிளைட் இன்னும் பறந்துட்டிருக்கு மேடம்" என்றாள் அங்கிருந்த பெண்.

"ஐயோ! எறங்கி ஒரு மணி நேரம் ஆயிருக்கணுமே!"

அவள் பதில் சொல்வதற்குள் ரிசீவரைப் போட்டுவிட்டு ஓவென்று அழுதேன். முதலாளி வர்கீஸ் சேட்டன் சாயா கிளாசோடு உள்ளிருந்து ஓடிவந்தார். மகனுக்கு டிக்கெட் போட வந்திருந்த பாத்தும்மா பெஞ்சைவிட்டு எழுந்தார்.

"மோளே, டிக்கெட்ல எத்தன மணி போட்டிருக்கு?"

"பதினொன்றரை உம்மா!"

"எந்த ஊருப் பதினொன்றரை?"

நான் டிக்கெட்டின் கார்பன் நகலை எடுத்துப் பார்த்தேன்.

"துபாய் மணி நம்ம மணிக்கு ஒன்றரை மணிக்கூர் பின்னாலன்னு நீதானே படிப்பிச்சுத் தந்தே? மூத்தவன் போன அன்னிக்கு இதே பெஞ்சுல உக்காந்து நான் அழுதப்போ, 'அது அந்த ஊரு மணி, உங்களுக்கு வெவரம் பத்தாது உம்மா'ன்னியே!"

"பத்து மணிக்கு ஏறி ஒன்றரை மணி நேரத்துல துபாயா?" என்றார் சேட்டன். "நாம என்ன ராக்கெட்டுக்கா டிக்கெட் விக்கறோம்?"

அழுகை நிற்காமலே சிரிப்பு வந்துவிட்டது. சேட்டனின் சாயாவைப் பிடுங்கி நானே குடித்தேன். பாத்தும்மா சிரித்துச் சிரித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். ஆனால் போன் பக்கத்து நாற்காலியைவிட்டு நான் நகரவில்லை.

ஒன்றே முக்காலுக்குப் போன் அடித்தது.

"அம்மா! ஜன்னல் சீட்டும்மா! மேகமெல்லாம் காலுக்குக் கீழே! அங்கே யாரு அப்படிச் சிரிக்கறா?"

"எல்லாரும்தான்டி. நீ பேசு."

ஒரு வருஷம் ஆகிறது. ஆபீஸ் போன் அடித்தால் எனக்கு இன்னும் நெஞ்சு தடக்கென்கிறது.

கவுண்டருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் மணி என்று பயணிக்குச் சொல்லுங்கள். கூட வந்திருக்கும் தாய்க்கு, போன் எத்தனை மணிக்கு வரும் என்று நம்மூர் மணியில் தனியாக எழுதிக் கொடுங்கள். நான் அதில் ஒரு மணி நேரம் கூட்டியே எழுதுகிறேன். போன் சீக்கிரம் வந்துவிட்டதென்று இதுவரை யாரும் என்னிடம் சண்டைக்கு வந்ததில்லை.