வூடும் வுடும்

இரண்டு வருடத்துக்கு முன்பு ஓர் ஆவணி மாதம், மானாம்பதிப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கினோம். தெருவில் சிமென்ட் ரோடு மேல் ரோடாகப் போட்டதில், படி ஏறிப் போன வீடு படி இறங்கிப் போகும் வீடாகிவிட்டது. மழை பிடித்தால் தெருத் தண்ணீர் அழைக்காத விருந்தாளியாக ஹாலுக்கே வந்துவிடும். இடித்துக் கட்ட வசதி இல்லை. அதனால்தான் ஜாக்கி.

அதற்கு முந்தின தையில்தான் என் வீட்டுக்காரர் சமையலறையை ஆசை ஆசையாகப் புதுப்பித்திருந்தார். சுவர் முழுக்க நீலப்பூ டைல்ஸ், கருப்பு கிரானைட் மேடை, மேலே சாமான் வைக்க லாஃப்ட். எல்லாம் செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து அவரே தேர்ந்தெடுத்தது. "மொதல்ல வூட்டத் தூக்குவோம், அப்பால டைல்ஸ் ஒட்டலாம்" என்று தலையால் அடித்துக்கொண்டேன். மனுஷன் கேட்டால்தானே?

வேலைக்கு வந்தவர்கள் வடநாட்டுக்காரர்கள். அவர்களில் மேஸ்திரிக்கு மட்டும்தான் தமிழ் வரும். எங்கள் பக்கமே சுற்றி வேலை செய்ததில் எங்கள் பேச்சே ஒட்டிக்கொண்டிருந்தது. "அக்கா, டீ இன்னா ஆச்சி?" என்பார். சுவருக்கு அடியில் வரிசையாக ஜாக்கிகள். அவர் விசில் ஊதினால் எல்லோரும் ஒன்றாகக் கம்பியைத் திருப்புவார்கள், வீடு நூலளவு ஏறும். எதிர்வீட்டு வாசலில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். ஒவ்வொரு விசிலுக்கும் எழுந்து நின்றுவிடுவேன். சோறும் இறங்கவில்லை.

என் வீட்டுக்காரருக்கோ டைல்ஸ் கவலை. "விரிசல் வுட்டுச்சோ இன்னாவோ தெரியலியே" என்று புலம்பிக்கொண்டே இருந்தார். உள்ளே யாரும் போகக் கூடாது என்று மேஸ்திரி சொன்னதை ஊருக்கெல்லாம் சொன்னவரும் இவர்தான்.

ஒரு மத்தியானம் மேஸ்திரி மட்டம் பார்த்துவிட்டு, சமையலறை மூலை கொஞ்சம் அதிகமாக ஏறிவிட்டது, சற்று இறக்க வேண்டும் என்றார். திரும்பிப் பார்க்கிறேன், இவரைக் காணோம். பின்வாசலில் இவர் செருப்பு மட்டும் கிடந்தது. எனக்கு உயிரே போய்விட்டது.

"வூடு! வூடு! வூட்டுக்குள்ள அவரு கீறாரு!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். பக்கத்தில் ஜெனரேட்டர் இரைச்சல்.

எங்கள் பேச்சில் வீடு என்பது வூடு. விடு என்பது வுடு. எங்கள் தமிழை அவ்வளவு நன்றாகக் கற்றிருந்த மேஸ்திரிக்கு இரண்டாவதுதான் கேட்டது. ஜாக்கியை இறக்கச் சொல்லி அவசரப்படுத்துகிறேன் என்று நினைத்து, "வுட்றேன்க்கா!" என்று கையைக் காட்டி விசில் ஊதிவிட்டார். உள்ளே ஏதோ நெரிகிற சத்தம். நான் என்ன செய்தேன் தெரியுமா? அதே வார்த்தையை இன்னும் பலமாகக் கத்தினேன். பதறினால் புத்தி எங்கே இருக்கும்?

அந்த மூலையில் ஜாக்கி திருப்பிக்கொண்டிருந்த ஆளுக்குத் தமிழில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. அவர் என் முகத்தையே பார்த்தார். கம்பியைப் போட்டுவிட்டு "ருக்கோ! ருக்கோ!" என்று கத்தினார். எல்லோர் கையும் நின்றது. அதோடு விடாமல் பின்வாசல் வழியாக உள்ளே பாய்ந்து, இவர் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தார்.

"ஒரு டைல்ஸ் கூட விரிசல் வுடலடி" என்று இவர் சிரித்துக்கொண்டே வெளியே வரவும், லாஃப்ட் விளிம்பு பெயர்ந்து கிரானைட் மேடை மேல் விழவும் சரியாக இருந்தது. இவர் குனிந்து சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த இடம் அது. அழுதுகொண்டே இவர் முதுகில் நாலு போட்டேன். தெருவே பார்த்தது, பார்க்கட்டும் என்று இருந்தது.

மேஸ்திரி முகம் வெளுத்துப்போய், "நீங்க வுடுன்னுதானேக்கா சொன்னீங்க?" என்றார். அவரைச் சொல்லி என்ன பயன்?

இவரை இழுத்து வந்த ஆளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். நன்றி சொல்லக்கூட அவர் பாஷை எனக்குத் தெரியாது. அவர் கூச்சத்தோடு ஏதோ சொன்னார். மேஸ்திரி தமிழில் சொன்னார்: "அக்கா இன்னா சொல்லிச்சின்னு எனுக்குத் தெரியாது, அக்கா மூஞ்சி வுடுன்னு சொல்லலன்றான்."

வீடு இப்போது தெருவுக்கு மேலே நிமிர்ந்து நிற்கிறது, லாஃப்ட் மட்டும் இல்லை. யாராவது என்னிடம் படபடவென்று பேச வந்தால், வார்த்தை காதில் விழுவதற்கு முன்பே என் கண் அவர்கள் முகத்துக்குப் போய்விடுகிறது.