வேலை விளம்பரத்தை வெட்டியவன்

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு காலை. எங்கள் நூலகத்தில் பேப்பரைப் பிரித்தால்... நடுவில் ஜன்னல்! யாரோ பிளேடு போட்டுக் கச்சிதமாக ஒரு கட்டம் வெட்டியிருந்தார்கள். அதன் பின்பக்கம் குறுக்கெழுத்துப் போட்டி. பாதியோடு போயிற்று. எனக்கு வந்த கோபம் இருக்கிறதே!

நான்கு நாள் காவல் இருந்தேன். (ஆமாம், எனக்கு வேறு வேலை இல்லை.) ஐந்தாம் நாள் ஆள் சிக்கினான்.

மிக்கேல். வயது இருபத்தொன்பது. அப்பா கடலுக்குப் போய்ப் படிக்க வைத்த பிள்ளை. பி.ஏ. முடித்து ஏழு வருடம். தினமும் பேப்பர் மேஜைக்கு முதல் ஆளாக வருகிறவன். விரலிடுக்கில் அரை பிளேடு. கையில், அப்போதுதான் வெட்டிய 'ஆட்கள் தேவை' விளம்பரம்.

நூலகர் சுடலைமுத்துவிடம் கூட்டிப் போனேன். எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி.

“ஏலே மிக்கேலு... படிச்ச பய செய்யுத வேலையாலே இது?”

மிக்கேல் தலையைத் தூக்கவில்லை.

“வாற டிசம்பரோட எனக்கு முப்பது முடியுது அண்ணாச்சி. அதுக்குப் பெறவு ஒருத்தனும் என் அப்ளிகேஷனைத் தொட மாட்டான். இந்த மேஜையில மட்டும் இருபது பேரு குறிச்சிட்டுப் போறான். நாலு பேராவது கொறையட்டுமேன்னு...”

போலீஸ், அபராதம் என்று வீராப்பாக வந்த நான் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தேன். ஒரு குறுக்கெழுத்துக்கா இத்தனை ஆட்டம் ஆடினோம்?

அண்ணாச்சி அவனுடைய உறுப்பினர் கார்டை வாங்கி டிராயருக்குள் போட்டார். வாசலில் 'அமைதி காக்கவும்' என்று எழுதியிருந்த கரும்பலகையைத் துடைத்தார்.

“நாளையிலேர்ந்து காலையில எட்டு மணிக்கு இங்கன வந்திரணும். பேப்பர்ல வார வேலை விளம்பரம் அம்புட்டையும் இதுல எழுதிப் போடணும். ஒண்ணு விடக் கூடாது. ஒரு மாசத்துக்கு இதான் ஒனக்குத் தண்டனை.”

மறுநாள் வந்தான். எறும்பு ஊர்கிற மாதிரி எழுதினான்.

“பெருசா எழுதுலே! ரோட்டுல போறவனுக்குத் தெரிய வேண்டாமா?”

தெரிந்தது. பத்தே நாளில் வாசலில் கூட்டம். தருவைகுளத்திலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்தார்கள். சர்ட்டிபிகேட் நகலில் யாரிடம் கையெழுத்து வாங்குவது, அப்ளிகேஷனில் எந்தக் கட்டத்தைக் காலியாக விடுவது — மிக்கேல் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தான். ஏழு வருட அனுபவம் அல்லவா!

எங்கள் நூலகத்தில் அதிகம் கிழிந்த புத்தகம் எது தெரியுமா? காதல் நாவல் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை... பொது அறிவு வினா-விடை. அட்டை இல்லை, முதல் பதினாறு பக்கம் இல்லை. என்ன படிக்கலாம் என்று எனக்குக் கடிதம் போடுகிறவர்களே, உங்கள் ஊர் நூலகத்தில் அதை ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். ஓரமெல்லாம் பென்சில் குறிகள். ஊரின் கவலை மொத்தமும் அங்கே இருக்கும்.

தண்டனை முடிய மூன்று நாள் இருக்கும்போது அந்த விளம்பரம் வந்தது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்சி. டைப்பிஸ்ட்-குமாஸ்தா. ஒரே ஓர் இடம். வயது முப்பதுக்குள்.

சாக்பீஸ் நின்றது.

அண்ணாச்சி உள்ளே புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தார். பார்த்தது நான் மட்டும்தான். அவன் அதை விட்டுவிட்டால் நான் வாய் திறந்திருப்பேனா? சத்தியமாகத் தெரியாது. விட்டுவிடேன் மிக்கேல் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

எழுதினான். மற்றவற்றைவிடப் பெரிய எழுத்தில்.

தருவைகுளத்துச் செல்வமேரி அதைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போனாள். இன்டர்வியூவுக்கு இரண்டு பேருமே போனார்கள். வேலை அவளுக்குக் கிடைத்தது.

போன வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு வந்தாள்.

“அண்ணே, ஒங்க போர்டைப் பாக்காட்டி எனக்குத் தெரிஞ்சே இருக்காது. நீங்களும் போட்டிருக்கீங்கன்னு அங்க வச்சித்தான்...” கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“ஏளா, எதுக்கு அழுத? நல்ல எடம். கெட்டியாப் பிடிச்சிக்க” என்றான் மிக்கேல்.

அவள் போனதும் கேட்டேன். “வருத்தமா மிக்கேல்?”

“இல்லாம இருக்குமா சார்? எழுதாம விட்டிருக்கலாமேன்னு நேத்துக்கூடத் தோணிச்சி.” கையில் ஒட்டியிருந்த சாக்பீஸ் பொடியைத் தட்டினான். “ஆனா அவ டைப்ரைட்டிங் ஹையர். நான் லோயர். மறைச்சு வாங்கியிருந்தா, யார்கிட்டேயிருந்து எடுத்தேன்னுகூட எனக்குத் தெரியாமப் போயிருக்கும்.”

தண்டனை முடிந்து இரண்டு மாதமாகிறது. கார்டும் திரும்பக் கிடைத்துவிட்டது. மிக்கேல் இன்னமும் எட்டு மணிக்கு வந்துவிடுகிறான்.

இதைப் படிக்கிற முதலாளிமார்களே, ஒரு நல்ல குமாஸ்தா தேவையா? பேப்பரில் விளம்பரம் கொடுங்கள் — அதையும் அவனே எழுதிப் போடுவான்.