ஆண்டகளூர்கேட்டில் இறங்கிய அக்கா

இன்று சேலத்திலிருந்து நாமக்கல் வரும் பஸ்ஸில் படம் போட்டார்கள். ஜெயிலிலிருந்து தப்பிய ஒருவனைப் போலீஸ் காடு காடாகத் துரத்துகிற படம்.

முன் சீட்டு அக்கா கண் கொட்டாமல் பார்த்தார். நான் அதை மூன்று முறை பார்த்தவன். தெரிந்ததைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

"கடைசில சுட்டுப்போடுவாங்க அக்கா" என்றேன்.

அவர் மெதுவாகத் திரும்பினார். "எம்பையன் பரோல்ல வந்தவனுங்க. திங்கக்கிழமை ஜெயிலுக்குத் திரும்பியிருக்கோணும். போவாம எங்கியோ ஓடிட்டான். போலீஸ்காரங்க எங்கூட்டு வாசல்லயே உக்காந்திருக்கறாங்க. அவங்களுக்கு முந்தி நான் அவனைப் புடிச்சுக் கொண்டுபோய் உட்டுரோணும்."

"இது சும்மா சினிமாங்க அக்கா" என்று அவசரமாகச் சமாளித்தேன்.

"ஆமாங்க" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மகனுடைய சிநேகிதன் வீட்டைத் தேடி ஆண்டகளூர்கேட்டில் இறங்கும்போது கேட்டார்: "ஏனுங்க, உசுரோட புடிச்சுக் கூட்டியார்ற படம் எதாச்சும் பார்த்திருக்கீங்களா?"

நாமக்கல் வரும்வரை யோசித்தேன். வாரத்துக்கு நாலு படம் பார்க்கிறவனுக்கு ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

உங்களுக்குத் தெரிந்தால் கீழே பெயர் போடுங்கள். அக்காவிடம் சேர்க்க வழியில்லை. சேர்த்தாலும் இந்த வாயை இனி அவர் எப்படி நம்புவார்?