ஜாடிக்காரர் வீட்டுக் குப்பை

அந்தக் குடியிருப்பில் அவருக்கு ஜாடிக்காரர் என்று பெயர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண்ணில் படுகிற மாதிரி, கூடத்து அலமாரியில் ஒரு கண்ணாடி ஜாடி வைத்திருந்தார். உள்ளே இரண்டு மாத்திரை அட்டை, ஒரு பேனா மூடி, ஒரு பிய்ந்த ரப்பர் வளையம். "ஒரு வருஷத்துக்கு எங்க வீட்டுக் குப்பை இவ்வளவுதான் சார்" என்பார். வருகிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். மீதிக் குப்பை எங்கே போகிறது என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றியதில்லை.

கேட்டிருந்தால் அவர் மனைவி சொல்லியிருப்பாள். அவளுக்கு ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் வேலை. முன்மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு நேரம் கொடுக்க வேண்டும். வீட்டிலோ, அந்த மகானுபாவர் ஆரம்பித்துவிட்டு மறந்துபோனதையெல்லாம் கட்டி இழுப்பதே அவள் பிழைப்பு. மாடித்தோட்டம் போட்டார், தண்ணீர் ஊற்றியது அவள். மீன்தொட்டி வாங்கினார், கழுவியது அவள். கடைசியாகக் குப்பையில்லாத வாழ்க்கையைப் பிடித்துக்கொண்டார்.

அவருக்கு அது ரொம்பச் சுலபமான வாழ்க்கை, பேசினால் போதும். காய்த்தோல் மக்கும் வாளியை மூக்கைப் பொத்திக்கொண்டு கிளறுவதும், மளிகைக்கடையில் டப்பாவை நீட்டி "இதிலேயே போட்டுடுங்கண்ணே" என்று கெஞ்சுவதும் அவள்தான். அவர் ஒரு துரும்பைக்கூட நகர்த்தியதில்லை. அப்படியும் மிஞ்சியதை அவள் சாப்பாட்டுப் பையில் திணித்துக்கொண்டுபோய் கிளினிக் தொட்டியில் போட்டுவந்தாள். ஜாடி நிறைந்துவிடக் கூடாதே! ஒருநாள் அவர் அதைப் பார்த்தும்விட்டார். "நம்ம வீட்ல சேராத வரைக்கும் சரிதான்" என்றார். அப்பேர்ப்பட்ட கொள்கை.

ஒருநாள் காலையில் மருத்துவர் அவளைக் கூப்பிட்டார்.

"யாரோ வீட்டுக் குப்பையைக் கொண்டுவந்து நம்ம தொட்டியில கொட்டுறாங்க. ஊசியும் ரத்தப் பஞ்சும் போற தொட்டிம்மா அது. இன்னொரு தடவை பார்த்தேன், யாரா இருந்தாலும் வேலையை விட்டு நிறுத்திடுவேன்."

பேசும்போது அவர் கண் அவள் பைமேல்தான் இருந்தது. அவள் பையைக் காலால் மேசைக்கடியில் தள்ளினாள். உலகத்தில் அவளுக்கென்று இருந்த இடம் அந்த ஒரு மேசைதான். அங்கே அவளை யாரும் "ஏய்" என்று கூப்பிட்டதில்லை. இந்த மனிதனுடைய ஜாடிக்காக அதை விட வேண்டுமா என்று நாள் முழுக்க மனம் பொருமியது. சாயங்காலம் பையை அப்படியே வீட்டுக்குத் தூக்கிவந்தாள்.

கூடத்தில் பக்கத்துக் குடியிருப்புச் சங்கத்துக்காரர்கள் நாலைந்து பேர் ஜாடியைத் தரிசித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவர் எழுந்து வழிவிட்டார்.

"என்னம்மா, பை கனமா இருக்கே, கடைக்குப் போயிட்டு வர்றீங்களா?"

"இல்லீங்க, குப்பை."

ஜாடிக்காரர் சட்டென்று சிரித்தார். "என் வீட்டுக்காரிக்கு இன்னும் இந்தப் பழக்கம் வரலை சார். நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன்."

பேசாமல் உள்ளே போயிருப்பாள். இந்தப் பேச்சைக் கேட்டபின் எப்படிப் போவது? தரையில் உட்கார்ந்து பையைப் பிரித்தாள். அவர் ஆபீஸிலிருந்து காபி குடித்தபடியே கொண்டுவந்த காகிதக் கோப்பைகள், தொலைக்காட்சி முன்னால் காலிசெய்த வறுவல் உறைகள், சவர நுரை டப்பா என்று ஒவ்வொன்றாக எடுத்துவைத்தாள். ஒன்றுகூட அவளுடையது இல்லை. கடைசியாகக் குமிழ் குமிழாக ஒரு பிளாஸ்டிக் உறை வந்தது.

"இது என்னம்மா?" என்றார் மூத்தவர்.

"அந்த ஜாடியைச் சுத்தி வந்ததுங்க. பழைய ஜாடி நிறைஞ்சு போச்சுன்னு முந்தாநாள்தான் புதுசு வரவழைச்சார்."

ஜாடிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. வந்தவர்கள் செருப்பைத் தேடினார்கள்.

"ஏய், மானத்தை வாங்கிட்டியே!"

"நாளையிலிருந்து உங்க குப்பையை நீங்களே கொண்டுபோய்ப் போடுங்க. என் பையில இனிமே என் சாப்பாடு மட்டும்தான்."

வேறு வழியில்லாமல் அவர் குப்பை வாளியைத் தூக்கிக்கொண்டு தெருமுனைத் தொட்டிவரை நடந்தார். எதிரே வந்தவர்கள் எல்லாரும் வாளிக்குள் எட்டிப் பார்த்தார்கள். அந்த வாரமே காகிதக் கோப்பை நின்றது, வறுவலும் நின்றது. ஊருக்கெல்லாம் பேசித் தீர்த்தவருக்கு, தன் கையால் சுமந்தபிறகுதான் பழக்கம் வந்தது. ஜாடியைக் கழுவி உப்புப் போட்டு அடுப்பங்கரையில் வைத்துவிட்டு, அவள் லேசான பையோடு வேலைக்குக் கிளம்பினாள்.